பழைய வண்டிக்குப் புதிய பொத்தான்



தந்தையின் நினைவாக ஏதேனும் ஒரு பொருளைப் பேணி வைத்திராத குடும்பம் அரிது. சில வீடுகளில் அது சாவி கொடுக்கும் கைக்கடிகாரமாக இருக்கும். சில வீடுகளில் சாய்வு நாற்காலியாக இருக்கும். வேறு சில வீடுகளில், வாசலோரம் பழைய போர்வையால் மூடி நிறுத்தப்பட்டிருக்கும் புல்லட் மோட்டார் சைக்கிளாக இருக்கும்.

கடிகாரத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டலாம். நாற்காலியை ஒரு மூலையில் போட்டு வைக்கலாம். மோட்டார் சைக்கிளை அவ்வாறு பேண இயலாது. ஓடாமல் நிற்கும் வண்டி, நின்றுகொண்டிருக்கவில்லை; கெட்டுக்கொண்டிருக்கிறது. கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகப் படிகிறது. டாங்கியின் உட்புறம் துருப்பிடிக்கிறது. பேட்டரி தானாகவே வலுவிழக்கிறது. ரப்பர் உறுப்புகள் இறுகி வெடிக்கின்றன. ஆகவே, அந்த வண்டியைக் காப்பாற்ற விரும்புகிறவர் அதை அவ்வப்போது ஓட்டியே தீர வேண்டும். ஓட்ட வேண்டுமெனில் உதைத்தாக வேண்டும்.

உதைப்பவர் யார்? இதுதான் இன்று பல வீடுகளில் எழும் கேள்வி. முப்பது வயதில் அலட்சியமாக உதைத்துக் கிளப்பியவருக்கு இன்று எழுபதை நெருங்கும் வயது, முழங்கால் தேய்ந்துவிட்டது. மகனோ வளைகுடாவில் இருக்கிறான். ஆண்டுக்கொருமுறையோ இரண்டாண்டுக்கொருமுறையோ விடுப்பில் வருகிறான். அவன் வளர்ந்ததெல்லாம் பொத்தானை அழுத்தினால் கிளம்பும் வண்டிகளோடு. உதைக்கும் முறை அவனுக்குத் தெரியாது. இறுதியில், 'விற்றுவிடலாமே' என்ற சொல் ஒருநாள் மெல்ல எழுகிறது.

அப்போதுதான் யாரேனும் ஒருவர், 'இதற்கு ஏன் விற்கிறீர்கள்? ஒரு செல்ஃப் ஸ்டார்ட்டரைப் பொருத்திவிட்டால் போயிற்று' என்கிறார். இன்னொருவர், 'பழைய வண்டியின் அழகே உதைத்துக் கிளப்புவதில்தான் இருக்கிறது. அதைக் கெடுக்காதீர்கள்' என்கிறார். இருவரில் யார் சொல்வதைக் கேட்பது? சற்று நிதானமாகச் சிந்தித்துப் பார்ப்போம்.

வண்டி வந்த வழி

புல்லட் என்ற பெயர் 1930களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்தது. 1955-ஆம் ஆண்டில் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் ரெட்டிச்சின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்துடன் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவை நிறுவியது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில், முதலில் உதிரிப் பாகங்களை வரவழைத்துக் கோத்தார்கள். பின்னர் எல்லாப் பாகங்களையும் இங்கேயே வார்த்தெடுக்கத் தொடங்கினார்கள். ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. 1970-க்குப் பின் பிறந்த நாட்டில் ராயல் என்ஃபீல்டு வண்டிகளின் உற்பத்தி அறவே நின்றுபோயிற்று. திருவொற்றியூரிலோ அது நிற்கவே இல்லை. 1977 முதல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகும் நிலையும் வந்தது. தாய்வீட்டில் மறைந்த ஒன்று புகுந்த வீட்டில் வாழ்ந்த வரலாறு இது.

அந்தப் பழைய 350 புல்லட்டின் இன்ஜினில் ஒரே பிஸ்டன். அதன் குறுக்களவு 70 மில்லிமீட்டர்; அது ஏறியிறங்கும் தொலைவு 90 மில்லிமீட்டர். ஆக மொத்தம் 346 கன சென்டிமீட்டர் கொள்ளளவு. பிஸ்டன் மேலேறும்போது இத்தனை காற்றையும் பெட்ரோல் ஆவியையும் ஒரு சிறு இடுக்குக்குள் நெருக்கியாக வேண்டும். அந்த நெருக்கத்தை மீறிச் சுழற்றும் வேலையைத்தான் நம் கால் செய்கிறது.

உதைப்பதிலும் ஒரு முறை உண்டு

புல்லட்டை உதைப்பது வலிமையின் வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். அது முதலில் பொறுமையின் வேலை. கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே போனால் ஓர் இடத்தில் அது மரம்போல் நின்றுவிடும். பிஸ்டன் காற்றை நெருக்கத் தொடங்கிவிட்டது என்பது அதன் பொருள். அப்போது இடக்கைப் பக்கமுள்ள டிகம்ப்ரஷன் லீவரை அழுத்தினால் உள்ளிருக்கும் காற்று வெளியேறும். கிக்கர் மீண்டும் இளகும். பிஸ்டன் உச்சியைச் சற்றே தாண்டும் வரை அழுத்தி, லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பின் உடலின் எடையை அதன்மீது இறக்கி ஒரே சீராக உதைக்க வேண்டும். ஹெட்லைட்டின் மேலுள்ள அம்மீட்டரின் முள்ளைப் பார்த்தும் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பார்கள் பழகியவர்கள்.

இம்முறையைக் கைவிட்டு, கண்டபடி உதைத்தால் என்ன ஆகும்? பிஸ்டன் உச்சியை அடையும் முன்பே தீப்பொறி விழுந்தால், வெடித்த வாயு பிஸ்டனைப் பின்னோக்கித் தள்ளும். கிக்கர் திருப்பி உதைக்கும். கணுக்காலிலும் முழங்காலிலும் அந்த அடி விழும். இளவயதில் இரண்டு நாள் நொண்டினால் சரியாகிவிடும். எழுபதை நெருங்கும் வயதில் அதே அடி எலும்பை முறித்து, ஒருவரை மாதக்கணக்கில் படுக்கையில் தள்ளிவிடக் கூடும். எனவே, 'உதைத்துக் கிளப்புவதே அழகு' என்று சொல்லுமுன், உதைக்கப்போகிறவரின் வயதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வண்டியின் அழகைவிடப் பெரியவருடைய முழங்கால் முக்கியம்.

பொத்தானும் பழையதுதான்

செல்ஃப் ஸ்டார்ட்டர் நேற்று முளைத்த புதுமை என்று நினைப்பதும் தவறு. முற்காலக் கார்களை முன்புறக் கைப்பிடியைச் சுழற்றித்தான் கிளப்பினார்கள். கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டு முறிந்தவர்கள் ஏராளம். அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் 1911-இல் இதற்கு ஒரு வழி கண்டார். 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்கள் அவருடைய மின்சாரத் துவக்கியோடு விற்பனைக்கு வந்தன. அதற்கு முன் அவர் கடைகளின் பணப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் அமைத்துக் கொடுத்தவர். அங்கே கற்ற பாடம் இதுதான்: சில விநாடிகள் மட்டுமே வேலை செய்ய வேண்டிய மோட்டாரைப் பெரிதாகச் செய்யத் தேவையில்லை, சிறிய மோட்டாரே அந்தச் சில விநாடிகளுக்குத் தன் அளவை மீறி உழைத்துவிடும்.

மோட்டார் சைக்கிளில் இதை முயன்றவர்கள் அமெரிக்காவின் 'இந்தியன்' நிறுவனத்தார். 1914-இல் 'ஹெண்டி ஸ்பெஷல்' என்ற பெயரில் மின்துவக்கி கொண்ட வண்டியைக் கொண்டுவந்தார்கள். அக்காலத்துப் பேட்டரிகள் அந்தப் பளுவைத் தாங்கவில்லை. அந்த ஆண்டோடு முயற்சி கைவிடப்பட்டது. பின்னர் 1965-இல் ஹார்லி டேவிட்சனின் எலக்ட்ரா கிளைடும், 1969-இல் ஹோண்டாவின் சி.பி. 750-உம் பொத்தானைப் பெரிய மோட்டார் சைக்கிள்களில் நிலைநிறுத்தின. பிரிட்டனின் நார்ட்டன் கமாண்டோவுக்கு 1975-இல் தொழிற்சாலையே மின்துவக்கி பொருத்தியது. ஆனால் அது வலுவற்றது என்று பெயரெடுத்தது. பொத்தானை அழுத்தியபடியே உதைத்தவர்களும் உண்டு. இன்று அதே கமாண்டோவுக்கு வலுவான துவக்கித் தொகுதியைப் பிரான்ஸின் ஆல்டன் என்ற சிறு நிறுவனம் செய்து விற்கிறது. முதுமையெய்திய ஓட்டுநர்கள் தங்கள் வண்டிகளை விற்காமல் வைத்திருப்பதற்கு இத்தகைய தொகுதிகள் பேருதவி புரிகின்றன.

இந்த வரலாறு ஓர் உண்மையைத் தெளிவாக்குகிறது. மோட்டாரை மாட்டிவிடுவது எளிது. அதற்கு உரிய வலுவை ஊட்டுவதே கடினம்.

முதலில் மருத்துவம், பிறகு ஊன்றுகோல்

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், தமது புல்லட்டுக்கு செல்ஃப் பொருத்தியே ஆக வேண்டும் என்று ஒரு மெக்கானிக்கிடம் கொண்டு சென்றார். பத்து உதைக்கு ஒருமுறைதான் வண்டி கிளம்பிற்று. இரண்டுமுறை திருப்பியும் உதைத்திருந்தது. அந்த மெக்கானிக் நல்லவர். 'ஐயா, முதலில் இதற்கு என்ன நோய் என்று பார்க்கிறேன். பிறகு பொத்தானைப் பற்றிப் பேசுவோம்' என்று சொல்லி வண்டியைத் திறந்தார். தீப்பொறியின் நேரத்தை வேகத்துக்கேற்ப முன்பின் நகர்த்தும் சிறு எடைக்கட்டிகள் துருப்பிடித்து, முன்னகர்ந்த நிலையிலேயே சிக்கிக் கிடந்தன. டிகம்ப்ரஷன் லீவரின் கேபிள் தளர்ந்து பயனற்றுப் போயிருந்தது. பாயிண்டின் இடைவெளி கூடியிருந்தது. அரைநாள் வேலை. மறுநாள் இரண்டாவது உதையில் வண்டி கிளம்பிற்று.

வாசகர்களே, செல்ஃப் பொருத்துவதற்கு முன் ஒவ்வொருவரும் செய்ய வேண்டியது இதுதான். பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா? டைமிங் சரியா? அந்த எடைக்கட்டிகள் தடையின்றி அசைந்து, சுருள்வில்லால் திரும்ப இழுக்கப்படுகின்றனவா? கார்புரேட்டரின் சிறு துவாரங்கள் அடைபடாமல் இருக்கின்றனவா? டேப்பட்டின் அளவு சரியா? உதைக்கும்போது கிளட்ச் வழுக்குகிறதா? இவையனைத்தையும் சரிபார்த்துவிட்டு, பழகிய ஒருவர் ஓரிரு உதையில் கிளப்பக்கூடிய நிலைக்கு வண்டியைக் கொண்டுவர வேண்டும்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. மோட்டார், இன்ஜினைச் சுழற்ற வேண்டும். ஆனால் இன்ஜின் கிளம்பியபின் மோட்டாரை இழுத்துச் சுழற்றிவிடக் கூடாது. இதற்கென இடையே ஒருவழிப் பூட்டு ஒன்று வைக்கப்படுகிறது. ஸ்ப்ராக் கிளட்ச் என்று அதற்குப் பெயர். சைக்கிளின் பின்சக்கரத்தில் உள்ள ஃப்ரீவீலை நினைத்துக்கொள்ளுங்கள்: பெடல் சக்கரத்தைச் சுழற்றும், சக்கரம் முன்னோக்கி ஓடும்போது பெடலைச் சுழற்றாது. இன்ஜின் திருப்பி உதைக்கும்போது அந்த அடி முழுவதும் இந்தப் பூட்டின்மீதும் பல்சக்கரங்களின்மீதும் விழுகிறது. உங்கள் காலுக்கு வரவேண்டிய அடி அங்கே இடம்மாறுகிறது, அவ்வளவுதான். தொழிற்சாலையே செல்ஃப் பொருத்திக் கொடுத்த சில பிற்காலப் புல்லட்டுகளிலும் இந்தப் பூட்டு உடைந்த கதைகளைப் பல மெக்கானிக்குகள் சொல்வார்கள். நோயுள்ள இன்ஜினில் பூட்டு நெடுநாள் தாங்காது. நோயைக் குணப்படுத்தாமல் ஊன்றுகோலைக் கொடுத்தால், ஊன்றுகோலும் முறியும், நோயும் முற்றும்.

அந்தப் பெரியவருக்கு வண்டி நன்றாகக் கிளம்பியது. ஆயினும் முழங்கால் முழங்கால்தானே! ஓராண்டு கழித்து, செம்மையான இன்ஜினில் அவர் செல்ஃப் பொருத்திக்கொண்டார். முறை அதுவே.

மின்சாரக் கணக்கு

இனி, செல்ஃப் பொருத்த என்னென்ன தேவை என்று பார்ப்போம். கணக்கு எளியதுதான், பள்ளியில் படிக்கும் பிள்ளைகளையும் அருகில் அழைத்துவைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள்.

மோட்டார் சுமார் 700 வாட் ஆற்றலை எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது ஒரு குதிரைத் திறனுக்குச் சற்றுக் குறைவு. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இதைப் பெற ஏறத்தாழ 60 ஆம்பியர் மின்னோட்டம் பாய வேண்டும். மோட்டார் அசையத் தொடங்கும் முதல் கணத்தில் இதைவிடப் பன்மடங்கு பாயும். 35 வாட் ஹெட்லைட் எடுத்துக்கொள்வது 3 ஆம்பியர் மட்டுமே. அதாவது, பொத்தானை அழுத்துவது இருபது ஹெட்லைட்டுகளை ஒரே நேரத்தில் எரிப்பதற்குச் சமம்.

ஆனால் எவ்வளவு நேரம்? மூன்று விநாடிகள். 60 ஆம்பியர் வீதம் மூன்று விநாடிகளில் செலவானதை, 3 ஆம்பியர் வீதம் திருப்பிக் கொடுக்கக் கணக்குப்படி 60 விநாடிகளே போதும். இழப்பையும் சேர்த்தால் சற்றுக் கூடுதலாகும். ஆகவே பேட்டரி வற்றிவிடுமே என்று அஞ்சத் தேவையில்லை. ஒரே மூச்சில் அத்தனை மின்னோட்டத்தைத் தரக்கூடியதாக அது இருக்கிறதா என்பதே கேள்வி. உதைத்துக் கிளப்பும் வண்டியோடு வந்த சிறிய பேட்டரிக்கு அந்த வலு கிடையாது. செல்ஃப் உள்ள பிற்காலப் புல்லட்டுகளில் 14 ஆம்பியர்-மணி அளவுள்ள 12 வோல்ட் பேட்டரி வைக்கப்பட்டது. அதுவே நல்ல அளவுகோல்.

மிகப் பழைய வண்டிகள் 6 வோல்ட்டில் ஓடுபவை. அவற்றில் இதே வேலைக்கு 120 ஆம்பியர் தேவைப்படும். எனவே 12 வோல்ட்டுக்கு மாற்றியே ஆக வேண்டும். பேட்டரியை மட்டும் மாற்றினால் போதாது. பல்புகள், இக்னிஷன் காயில், ஹாரன், மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ஆகிய அனைத்தையும் மாற்ற வேண்டும். ஆல்டர்னேட்டர் போதிய மின்சாரம் தருகிறதா என்பதையும் அளந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது கேபிள். 60 ஆம்பியர் பாயும் வழியில் 0.02 ஓம் தடை இருந்தாலே 1.2 வோல்ட் வீணாகிவிடும்; 12 வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு! துருவேறிய ஒரு நட்டும் மெலிந்த ஒரு கம்பியும் சேர்ந்தால் இத்தனை தடை வந்துவிடும். 'புது பேட்டரி போட்டும் சுற்றவில்லை' என்று அலுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். தடித்த செப்புக் கேபிளும், பெயின்ட் சுரண்டி நேராக இன்ஜின் உலோகத்தில் இறுக்கப்பட்ட எர்த் இணைப்பும் இன்றியமையாதவை. பொத்தான் நேரடியாக இந்த மின்னோட்டத்தைத் தாங்காது; இடையே ஒரு ஸ்டார்ட்டர் ரிலே வைத்து, பொத்தான் அதை மட்டும் இயக்குமாறு அமைக்க வேண்டும்.

இன்னொரு சிறு யோசனை. பழைய புல்லட்டில் டிகம்ப்ரஷன் லீவர் இருக்கிறதல்லவா? அதை அழுத்தியபடி பொத்தானையும் அழுத்துங்கள். இன்ஜின் தடையின்றிச் சுழலத் தொடங்கியதும் லீவரை விட்டுவிடுங்கள். பேட்டரியின் பளுவும் பூட்டின் பளுவும் பாதியாய்க் குறைந்ததுபோல் உணர்வீர்கள்.

வெட்டலாமா?

இப்போது கட்டுரையின் நடுநாயகமான கேள்விக்கு வருகிறோம். மோட்டாரை எங்கே பொருத்துவது?

பழைய புல்லட்டில் இன்ஜினும் கியர்பெட்டியும் தனித்தனியானவை. இடப்பக்க உறைக்குள் பிரைமரி செயின், கிளட்ச், ஆல்டர்னேட்டர் ஆகியவை இருக்கின்றன. மோட்டாரை சிலிண்டருக்குப் பின்புறம் அமர்த்தி, அந்த இடப்பக்க உறையின் வழியாகப் பல்சக்கரங்களால் கிராங்கைச் சுழற்றுவதே செல்ஃப் கொண்ட பிற்கால மாதிரிகளின் அமைப்பு. பழைய வண்டிக்குப் பொருத்துபவர்கள் இருவகையினர். முதல் வகையினர், உறைகளையும் தாங்கிகளையும் தனியாக வரவழைத்தோ செய்வித்தோ, இருக்கும் போல்ட்டுத் துளைகளிலேயே பொருத்துகிறார்கள். கழற்றிய பழைய உறையை எண்ணெய் தடவித் துணியில் சுற்றி உரியவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டாம் வகையினர், நேரத்தையும் செலவையும் மிச்சப்படுத்த, இன்ஜினின் அலுமினிய வார்ப்பையே அறுத்து, துளையிட்டு, வெல்டிங் வைத்து இடம் பண்ணுகிறார்கள்.

இரண்டாம் வகையை நாடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். போல்ட்டில் மாட்டியதை நாளை கழற்றலாம். அறுத்ததை ஒட்ட முடியாது; ஒட்டினாலும் அது பழையதாகாது. வெல்டிங்கின் வெப்பத்தில் வார்ப்பு கோணிக்கொண்டால் எண்ணெய் கசியும்; பேரிங்குகளின் நேர்மை குலையும். அந்த வண்டி இன்று உங்கள் கையில் இருக்கிறது. நாளை உங்கள் மகனின் கைக்கோ பேரனின் கைக்கோ போகும். ஒரு வகையில் அது உங்களிடம் இருக்கும் அமானிதம். அதைப் பெறுபவர், 'எனக்கு உதைக்கத் தெரியும். பழையபடியே வேண்டும்' என்று விரும்பினால், அந்த உரிமையை நாம் இன்றே அறுத்தெறிந்துவிடக் கூடாது.

அதே காரணத்தால் கிக்கரையும் கழற்றக் கூடாது. பேட்டரி ஒருநாள் கைவிடும். அன்று கிக்கர் கைகொடுக்கும். இன்றைய புதிய வண்டிகள் பலவற்றில் கிக்கரே கிடையாது. 2021-இல் வந்த புதிய கிளாசிக் 350-இலும் இல்லை. பழைய வண்டிக்கு இரு வழிகளும் இருப்பது அதன் பெருமை.

சட்டம் என்ன சொல்கிறது?

இதையும் அறிந்துகொள்வது நலம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் வகுத்ததிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அளித்த தீர்ப்பில் இதை உறுதிப்படுத்தியது. ஆகவே இன்ஜின் எண், சேசிஸ் எண் ஆகியவை பொறிக்கப்பட்ட இடத்தைத் தொடவே கூடாது. வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து வடிவில் விளக்கம் கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

மற்றொன்று, 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட தொன்மை வாகன விதிகள். முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்குசக்கர வாகனங்களை 'விண்டேஜ்' வாகனங்களாகப் பதிவுசெய்ய இவை வழிவகுக்கின்றன. ஆனால் வாகனம் மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். சேசிஸ், உடற்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது. அப்படிப் பதிவான வாகனத்தை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தவும் இயலாது; கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கே அனுமதி. உங்கள் புல்லட் அந்த வயதை எட்டியிருந்தால், எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். இன்ஜின் வார்ப்பை அறுத்துவிட்டுப் பின்னர் விண்டேஜ் பதிவுக்கு ஓடினால் பயனில்லை.

தாய்மார்களின் கவனத்திற்கு

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் அல்லவா? நிறுத்தியிருக்கும் வண்டியில் ஏறி அமர்ந்து ஓட்டுவதுபோல் விளையாடாத குழந்தை உண்டா? கிக்கரை அழுத்தும் வலு அவர்களுக்கு இல்லை. அதுவே ஒரு காவலாக இருந்தது. பொத்தானுக்கு வலு வேண்டாம். ஒரு விரல் போதும். சாவி திறந்திருந்து, வண்டி கியரில் நின்றிருக்குமானால், பொத்தானை அழுத்திய மறுகணம் வண்டி முன்னோக்கித் துள்ளும். இருநூறு கிலோவை நெருங்கும் வண்டி குழந்தையின்மீது சாய்ந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே செல்ஃப் பொருத்தச் சொல்லும்போதே, கிளட்சைப் பிடித்தால் மட்டும் பொத்தான் வேலை செய்யுமாறு ஒரு சுவிட்ச் வைக்கச் சொல்லுங்கள். விலை அற்பம், பயன் பெரிது. சாவியை வண்டியிலேயே விட்டுவைக்கும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். மற்றும், பேட்டரியிலிருந்து செல்லும் தடித்த கேபிளுக்குப் பெரும்பாலும் ஃப்யூஸ் இருப்பதில்லை. அது ஏதேனும் கூரிய விளிம்பில் உரசி, மேலுறை கிழிந்து, உலோகத்தைத் தொட்டால் தீப்பொறி பறக்கும். அருகிலோ பெட்ரோல் டாங்கி! கேபிளுக்கு ரப்பர் உறையிடுவதும், பேட்டரியருகே ஒரு துண்டிப்பு சுவிட்ச் வைப்பதும் கட்டாயம் என்று எண்ணுங்கள்.

முடிவாக

தொடக்கத்தில் கேட்ட இருவரின் சொற்களையும் இப்போது சீர்தூக்கிப் பாருங்கள். 'செல்ஃப் போட்டால் போயிற்று' என்றவர், வண்டியின் நோயைப் பற்றி எண்ணவில்லை. 'அழகைக் கெடுக்காதீர்கள்' என்றவர், பெரியவரின் முழங்காலைப் பற்றி எண்ணவில்லை. வண்டியையும் மனிதரையும் சேர்த்து எண்ணுபவர் சொல்வது இதுவாகத்தான் இருக்கும்.

ஓரிரு உதையில் கிளம்பும் நிலைக்கு வண்டியை முதலில் கொண்டுவாருங்கள். அவ்வாறு சீரான பின்னர், முழங்கால் ஒத்துழைக்கிறது என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம், செலவும் மிச்சம். ஒத்துழைக்கவில்லை என்றால் தயங்காமல் செல்ஃப் பொருத்துங்கள். அதில் பழமைக்கு எந்த இழுக்கும் இல்லை. ஆனால் போல்ட்டால் பொருத்துங்கள், இரம்பத்தால் பொருத்தாதீர்கள். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் பெயரெழுதிப் பெட்டியில் வையுங்கள். கிக்கர் அதன் இடத்திலேயே இருக்கட்டும். விடுப்பில் வரும் மகனுக்கு, பொத்தான் இருந்தாலும், உதைக்கும் முறையையும் ஒருநாள் மாலை பொறுமையாகக் கற்றுக்கொடுங்கள். வண்டியைப் பெறுபவனிடம் அந்த அறிவும் சேர்ந்து போய்ச்சேர வேண்டும்.